டீச்சர் பாஸாகக் கூடாது

அன்றைக்குக் காலையில் டீச்சர் ஒரு தடவைகூட வண்டியை அணைய விடாமல் முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றிவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டர் பயந்துபோனார்.

வேறு எந்த டிரைவிங் மாஸ்டராக இருந்தாலும் கைதட்டியிருப்பார். இந்த மாஸ்டருக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் கற்றுக்கொள்ள மிச்சம் இருந்ததே இந்த ஒரு டீச்சர்தான். இவரும் திடுதிப்பென்று கற்றுக்கொண்டு தொலைத்தால் மாஸ்டர் எங்கே போவார்?

“தம்பி, வண்டி போகுது!” என்றார் டீச்சர்.

“போகுது டீச்சர்,” என்றார் மாஸ்டர், குரலில் உயிரே இல்லாமல்.

“நான்தான் ஓட்டறேனா?”

“நீங்கதான்.”

“ஐயையோ!”

மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு கிளட்சும் பிரேக்கும் உண்டு. கற்றுக்கொள்பவர் எக்குத்தப்பாக எதையாவது செய்தால் ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது. ஆபத்து என்றால் இதைவிடப் பெரிய ஆபத்து என்ன இருக்கிறது? மெல்லக் காலை நகர்த்திப் பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினார். வண்டி இருமிக் குலுங்கி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலேயே வாய்க்கு வந்தபடி திட்டினார்.

“என்ன தம்பி ஆச்சு?”

“கிளட்சைச் சீக்கிரம் விட்டுட்டீங்க டீச்சர்.”

“நான் காலை அசைக்கவே இல்லையே!”

“அது உங்களுக்குத் தெரியாது டீச்சர். கால் தானா தூக்கிக்கும். புதுசா ஓட்டறவங்களுக்கு எல்லாம் வர்றதுதான்.”

டீச்சர் காலமெல்லாம் கணக்கு வகுப்பில் பிள்ளைகளின் பொய்யைக் கேட்டே ஓய்வு பெற்றவர். மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, “அப்ப இன்னும் கொஞ்ச நாள் ஆகுமா?” என்று மட்டும் கேட்டார்.

“கொஞ்ச நாளா? நிறையவே ஆகும்.”

டீச்சர் பெருமூச்சு விட்டார். “சரி, ஆகட்டும். என்ன செய்யறது.”

மாஸ்டர் மனசுக்குள் தன்னையே காறித் துப்பிக்கொண்டார். ஒரு காலத்தில் அந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ‘மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டேன்’ என்று சொன்னால் டெஸ்ட் எடுக்கும் அதிகாரியே பாதி நம்பிக்கையோடு வண்டியில் ஏறுவார். அப்படிப்பட்டவர் ஒரு வயசான அம்மா கற்றுக்கொண்டுவிடக் கூடாதே என்று திருட்டுத்தனமாகப் பிரேக் அழுத்துகிறார் என்றால், எவ்வளவு கீழே இறங்கிவிட்டார் பாருங்கள்.

எல்லாம் பெரிய ரோட்டில் அந்தக் கண்ணாடிக் கட்டடம் வந்ததிலிருந்து ஆரம்பித்தது. புது டிரைவிங் பள்ளி. ஏசி அறை, பெரிய திரை, திரைக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங். அங்கே வண்டியே இல்லாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். வேர்க்காது, தூசி இல்லை, லாரிக்காரர் திட்டமாட்டார். ஜனம் அங்கே போய் விழுந்தது.

சம்பளத்துக்கு இருக்கிறவனுக்கு வேலை போனால், போய்விட்டது என்று கூப்பிட்டுச் சொல்லவாவது ஒரு மேனேஜர் இருப்பார். சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு அதை யார் சொல்வது? போன் அடிக்காது, அவ்வளவுதான். இன்றைக்கு அடிக்கவில்லை, நாளைக்கு அடிக்கும் என்று மாஸ்டர் இருந்தார். போன் கெட்டுப்போய்விட்டதோ என்று மனைவியை விட்டு அடிக்கச் சொல்லிப் பார்த்தார். நன்றாகவே அடித்தது. அதுதான் அவருக்குப் பெரிய அடி.

வண்டி கடனில் வாங்கியது. தவணை தவறினால் ஃபைனான்ஸ் கம்பெனி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடும். வண்டி போய்விட்டால் அவர் மாஸ்டர் இல்லை, நடந்து போகிற யாரோ ஒரு ஆள்.

அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள்ளேயே சரியாக வருவதில்லை. வாசலில் நிற்கும் வண்டியில், மாணவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். சாவி போடமாட்டார். சும்மா கியரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி சாப்பாட்டுத் தட்டோடு வந்து கண்ணாடியைத் தட்டினால், “பசிக்கல” என்பார். ஒருநாள் கண்ணாடியை இறக்கி, “எனக்கு இனிமே யாரும் வரமாட்டாங்க. நான் எதுக்கு உயிரோட இருக்கேன்னே தெரியல,” என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

டீச்சரின் போன் வந்தது அப்புறம்தான்.

“டிரைவிங் மாஸ்டரா? எனக்கு வண்டி ஓட்டக் கத்துத் தரணும்.”

“தாராளமா! வீட்ல என்ன வண்டி வச்சிருக்கீங்க?”

“வண்டி எதுவும் இல்லையே.”

“வாங்கப் போறீங்களா?”

“அப்படி ஒண்ணும் யோசனை இல்ல.”

மாஸ்டர் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. வருகிற அதிர்ஷ்டத்தை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்வானேன்?

அன்றிலிருந்து தினமும் காலையில் டீச்சர் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். டீச்சர் தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி நடந்து வருவார். அவர் கணவர் கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பவர். தினமும் பேப்பரைத் தாழ்த்தி, “இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கீங்கள்ல தம்பி?” என்று கேட்டுவிட்டு மறுபடி உயர்த்திக்கொள்வார். சனிக்கிழமையானால் டீச்சர் ஒரு கவரை நீட்டுவார். அந்த வாரத்து ஃபீஸ்.

அதை அப்படியே கொண்டுபோய் மனைவி கையில் கொடுப்பதில் மாஸ்டருக்கு ஒரு பெருமை. ராஜ்ஜியத்தையே எழுதிக் கொடுப்பதுபோல் “இந்தா” என்பார். அவளோ வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள். அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்து, தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து அவளும் நாலு காசு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எண்ணிப் பாக்கமாட்டியா?” என்பார் மாஸ்டர்.

“எவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

அந்தப் பேச்சு மாஸ்டரைச் சுருக்கென்று குத்தும். அவ்வளவு அற்பத் தொகையாகிவிட்டது தன் சம்பாத்தியம் என்று நினைத்துக்கொள்வார். அவள் குத்தலாகச் சொல்லவில்லை என்றாலும் அவருக்குக் குத்தியது. காசு இல்லாதவனுக்குக் காதும் கோளாறாகிவிடும் போலிருக்கிறது.

டீச்சர் இரண்டாவது கியர் போட்ட அந்த வாரம் ஃபைனான்ஸ்காரர் போன் செய்தார். தேன் சொட்டும் குரல். “சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். போன மாசமும் கட்டல, அதுக்கு முந்தின மாசமும் பாதிதான் கட்டியிருக்கீங்க. வண்டியைத் தூக்கற வேலையெல்லாம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது சார். ஆனா தூக்கிடுவேன்.”

மாஸ்டர் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கே வேலை கேட்டுப் போனார். அங்கே மேனேஜராக இருந்தவர் அவரிடமே வண்டி கற்றவர். “அடடா, மாஸ்டர்!” என்று எழுந்து நின்று வரவேற்றார். காபி வரவழைத்தார். பிறகு, “ஒரு ஃபார்மாலிட்டி மாஸ்டர், அந்தத் திரை முன்னாடி உட்கார்ந்து கொஞ்சம் ஓட்டிக் காட்டிடுங்க,” என்றார்.

மாஸ்டர் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர் திரையில் கிளம்பிய வேகத்தில் ஒரு கரண்ட் கம்பத்தில் மோதினார். பின்னுக்கு எடுத்தார். ஒரு பழக்கடைக்குள் போய்விட்டார். ‘நீங்கள் தேர்ச்சி பெறவில்லை’ என்று ஒரு பெண் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தது. பக்கத்தில் கற்றுக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை, “பரவாயில்ல அங்கிள், எனக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு,” என்று ஆறுதல் சொன்னாள்.

அந்த ஆறுதலைத் தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்து படுத்தவரை மச்சான் வந்து எழுப்பினான். மனைவியின் தம்பி. கை வைத்த வியாபாரத்தை எல்லாம் இழுத்து மூடியவன். அதனால் யோசனை சொல்ல அவனுக்கு நேரம் நிறைய இருந்தது.

“மாமா, நிறைய கஸ்டமர் இருக்கறவன்தான் விலையைக் குறைக்கணும். உங்களுக்கு ஒரே ஆள். ஏத்துங்க!”

“ஏத்தினா அவங்களும் போயிட்டா?”

“எங்க போவாங்க? இவ்வளவு நாளாகியும் அவங்களுக்கு கியரே பிடிபடல. வேற எந்த மாஸ்டர் சேர்த்துப்பான்?”

இது மாஸ்டருக்கு நியாயமாகவே பட்டது. மூழ்குகிறவனுக்கு மச்சான் சொல்வதும் நியாயமாகத்தான் படும். மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்தைப் போட்டார். “பெட்ரோல் எல்லாம் ஏறிப்போச்சு டீச்சர். அதனால ஃபீஸை வந்து...”

தொகையைக் கேட்டதும் டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. “இவ்வளவா? நான் கேட்டுச் சொல்றேனே தம்பி.”

“யாரைக் கேக்கணும் டீச்சர்?”

“வீட்ல... வீட்ல ஒரு வார்த்தை கேக்கணும்ல.”

பேப்பர் படிக்கிற மனுஷனையா கேட்கவேண்டும், அவர் இன்ஷூரன்ஸைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசுவதில்லையே என்று மாஸ்டர் நினைத்தார். ஆனால் இரண்டு நாளில் டீச்சர், “சரின்னு சொல்லிட்டாங்க,” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

மாஸ்டர் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அவள் சண்டைக்கு வந்தாள்.

“ஏங்க, ஒரே அடியா அவ்வளவு ஏத்துவாங்களா? மனசாட்சி வேணாமா?”

“அவங்க பென்ஷன் வாங்கறவங்கடி.”

“பென்ஷன் வாங்கினா? காசு என்ன மரத்துலயா காய்க்குது? கொடுக்கறவங்க எங்க போய்ப் புரட்டுவாங்கன்னு யோசிச்சீங்களா?”

“நீ என் பக்கமா, அவங்க பக்கமா?”

அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் காதில் கிடந்த தோடு இல்லை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் பொட்டு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“தோடு எங்க?”

“காது புண்ணா இருக்கு. கழட்டி வச்சிருக்கேன்.”

மாஸ்டருக்குத் தெரியாதா? வீட்டை ஓட்ட விற்றுவிட்டாள். ஃபீஸை ஏற்றியும் பற்றவில்லை. தான் இருக்கும்போதே மனைவி தோட்டை விற்கும்படி ஆகிவிட்டதே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு முடிவோடு வந்தார். இன்னும் சம்பாதிக்க வேண்டும்.

இருப்பது ஒரே ஆள். எனவே அந்த ஒரே ஆளிடமிருந்துதான் இன்னும் சம்பாதிக்க முடியும். ‘ஸ்பெஷல் கிளாஸ்’ பிறந்தது. மழையில் ஓட்டுவதற்கு ஒரு கிளாஸ், மேட்டில் ஏற்றுவதற்கு ஒரு கிளாஸ், ரிவர்ஸுக்கு ஒரு கிளாஸ். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபீஸ்.

“மழைக்குத் தனியாவா?” என்றார் டீச்சர்.

“மழைல ரோடே வேற டீச்சர்.”

“மழையே இல்லையே தம்பி.”

“வர்றதுக்கு முன்னாடி கத்துக்கிட்டாத்தானே உபயோகம்?”

டீச்சர் மறுபடி வீட்டில் கேட்டுச் சொன்னார். மறுபடி சரி என்றார். அடுத்த சனிக்கிழமை கவர் கனத்தது. மாஸ்டர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வீட்டில் ஒரு மூலை வெறிச்சென்று கிடந்தது.

“தையல் மெஷின் எங்கடி?”

“சர்வீஸுக்குப் போயிருக்கு.”

“எப்ப வரும்?”

“வரும்போது வரும். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

சாப்பாட்டில் காய் இல்லை. அவள் தனக்குப் பசியில்லை என்றாள். மெஷின் சர்வீஸிலிருந்து வரப்போவதில்லை என்பது மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு ஒன்று மட்டும் புரியவேயில்லை. ஃபீஸ் ஏற ஏற வீட்டில் பொருள் ஏன் குறைகிறது? கவரில் இருப்பதையெல்லாம் தவணைக்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் முன்பைவிட அதிகமாகத்தானே வருகிறது? எந்தக் கணக்கில் போட்டாலும் விடை இடித்தது. கணக்கு டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவரிடம் இதைக் கேட்க முடியாது.

இதற்கு நடுவில் டீச்சர் ஒருநாள் வண்டியை ஓரம் கட்டினார்.

“தம்பி, நிறுத்திக்கலாமா? எனக்குத் தூக்கத்துல கூட கிளட்ச்தான் வருது. தூங்கும்போது அவரை எட்டி உதைக்கறேனாம். எனக்கு இது வராதுப்பா.”

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. “டீச்சர், அப்படிச் சொல்லாதீங்க! உங்களை மாதிரி ஓட்டற ஆளை நான் பார்த்ததே இல்ல.”

அது உண்மைதான் என்பதால் தயங்காமல் சொல்ல முடிந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் டீச்சர். நீங்களும் விட்டுட்டுப் போனா...” மாஸ்டர் சொல்ல நினைத்திராத வார்த்தை அது. கண்ணாடிப் பக்கம் திரும்பி வெளியே பார்ப்பதுபோல் இருந்தார்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி. சாவியைத் திருப்பறேன். முதல் கியர் எந்தப் பக்கம்?” என்றார்.

மாஸ்டர் அந்த நிமிஷம் மனசார உருகிப்போனார். இந்த அம்மாவைப் போயா ஏமாற்றுவது, இனிமேல் திருட்டுப் பிரேக் கிடையாது, ஒழுங்காகக் கற்றுக்கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அப்போதே தீர்மானித்தார். அன்றைக்கு ரிவர்ஸ் கிளாஸ். டீச்சர் வீட்டு கேட்டுக்குள் வண்டியைப் பின்னால் எடுக்கவேண்டும். மாஸ்டர் இரண்டு காலையும் மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நல்ல புத்தி வந்த நேரம் சரியில்லை. டீச்சர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி விருட்டென்று பின்னால் போய்க் கேட் தூணில் மோதியது. பேப்பரும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பறந்தார்கள். மாஸ்டர் காலைப் பிரித்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பின் பம்பர் கழன்று தொங்கியது. டிக்கி மூடவில்லை. கணவருக்கு அடி ஒன்றும் இல்லை. டீச்சருக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்ஷூரன்ஸை மாஸ்டர் கட்டியிருக்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியவந்தது.

மெக்கானிக் ஷெட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டு மாஸ்டர் அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தேன் குரல் போன் செய்தது.

“சார், திங்கட்கிழமை காலைல வண்டியை எடுத்துக்க ஆள் வரும். சாவியை நீங்களே கொடுத்துட்டா மரியாதையா இருக்கும்.”

“வண்டி இடிபட்டு ஷெட்ல நிக்குது சார்.”

“அப்ப ஷெட்டுக்கே வந்துடறோம் சார். அட்ரஸ் சொல்லுங்க.”

மாஸ்டர் வீட்டுக்கு நடந்தார். பழக்கமில்லாத நடை. எந்த ரோட்டில் போனாலும் எதிரே தன்னிடம் கற்றுக்கொண்டவர்களே வண்டியில் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார்கள். இத்தனை பேரை ஓட்ட வைத்துவிட்டு நான் மட்டும் நடக்கிறேன் என்று நினைத்தபோது அவருக்கு நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

வீட்டில் மனைவி இல்லை. அவளுக்குத் தெரிவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். தோடு போயிற்று, மெஷின் போயிற்று, இனி அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வண்டியும் போயிற்று என்று சொல்வது? செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நினைக்கவே கூசியது. டீச்சரிடம் மூன்று மாச ஃபீஸை முன்பணமாகக் கேட்பது. இடுப்புப் பிடித்துப் படுத்திருக்கிற மனுஷியிடம்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ‘டீச்சர், நீங்க குணமாகி வந்ததும் இலவசமா ஒரு ஸ்பெஷல் கிளாஸ்...’ சீ. ‘டீச்சர், தப்பா நினைக்காதீங்க...’ நினைக்காமல் எப்படி இருப்பார்?

டீச்சர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கணவர் மட்டும், இடிந்த தூணுக்கு எட்டத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கைகட்டி நின்றார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். தூணைக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், வண்டி, தவணை, திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொட்டினார். திருட்டுப் பிரேக் விஷயத்தைக்கூடச் சொல்லிவிட்டார்.

“கால்ல வேணும்னாலும் விழறேன் சார். மூணு மாச ஃபீஸை மட்டும் டீச்சர் முன்கூட்டியே கொடுத்தா என் வண்டி தப்பிச்சிடும். இல்லன்னா என் பொண்டாட்டி முகத்துல நான் முழிக்கவே முடியாது.”

கணவர் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். எரிச்சலோடு மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணு மாசத்துதை முன்கூட்டியேவா? அதை நீங்க உங்க வீட்லயே கேட்டிருக்கலாமே தம்பி, வாராவாரம் அந்தக் கவரைக் கொண்டாந்து எங்ககிட்ட கொடுத்துட்டுப் போறதே உங்க வீட்டம்மாதானே!”